அத்தான் வண்டிக்கு ஷாக் வாங்கிய கதை

நான் வண்டி உதிரிபாகம் விற்கிற கடையில் கவுண்டரில் நிற்பவன். பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். எதிரே வந்து நிற்கிறவர்களை இரண்டே வகையாகத்தான் பிரித்து வைத்திருக்கிறேன். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. எதையும் கழற்றாமல் வாயோடு மட்டும் வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பத்து நிமிஷம் போதும். இரண்டாம் வகை பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்கும். என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், இரண்டாம் வகைக்குத் தலைவராக இருக்கத் தகுதியானவர்.

ஊர் அறிந்த மனிதர் ஒன்றும் இல்லை. செல்போன் கோபுரங்களுக்கு அடியில் கூண்டுக்குள் ஒரு ஜெனரேட்டர் நிற்குமே, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முப்பத்தொரு கோபுரம் அவர் பொறுப்பு. ஆயில் மாற்ற வேண்டும், பேட்டரி பார்க்க வேண்டும், டீசல் ஊற்ற வேண்டும், கூண்டுக்குள் குடியேறிய குளவிகளைக் கெஞ்சி வெளியே அனுப்ப வேண்டும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் எல்லாம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆறடிக்கு அரை இஞ்ச் குறைவான ஆள். கேட்டால் ஆறடி என்பார். அந்த அரை இஞ்ச்சை எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை.

அவருடைய வண்டி ஒரு டபுள் கேபின் பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தொட்டியில் சாமான் ஏற்றலாம். இரண்டாம் கையாக வாங்கியது. கோபுரங்களில் ஒன்று கல்குவாரிக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கிறது. அதற்குப் போகிற தடத்தில் வண்டியின் அடிவயிறு கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சட்டியே பிளந்து நடுவழியில் நின்றுவிட்டார். அதற்கப்புறம்தான் வண்டியை உயர்த்தினார். எட்டு வருஷம் ஆகிறது. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு இரும்பு வளையம், பின்பக்க அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு கட்டை, நான்கு பக்கமும் பெரிய டயர். வேலை முடிந்து வந்த அன்றைக்கே டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கால்படி வரை அளந்தார். முன்பு இருந்ததைவிடச் சரியாக நாலு இஞ்ச் கூடுதல். அப்புறம் சொல்லவா வேண்டும்? யார் வந்தாலும் அந்த நாலு இஞ்ச் பேச்சில் வந்துவிடும். பட்டறையில் அவருக்கு 'நாலிஞ்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியில்தான் அக்காவும் தினமும் வேலைக்குப் போனாள். அக்கா ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் இருப்பாள். ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்து பவர் குறித்துக் கொடுக்கிற வேலை. அத்தானின் முதல் கோபுரத்துக்குப் போகிற வழியில்தான் கடை. காலையில் நாற்பது நிமிஷப் பயணம், சாயங்காலம் திரும்பும்போதும் அவரே கூட்டி வருவார். வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச ஆரம்பித்தால் எங்கேயாவது ஒரு கோபுரத்தில் அலாரம் அடிக்கும், அத்தான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். வண்டியில் அந்த வழி கிடையாது. போன் அடித்தால் அக்காவே எடுத்து, "வண்டி ஓட்டிட்டு இருக்காரு, அப்புறம் பேசுவாரு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மேற்கூரையை எப்போது மாற்றுவது, என் கல்யாணத்துக்குப் பார்த்த பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது, இத்தனையும் அந்த முன்சீட்டில் முடிவானவை. வீட்டில் பேசினால் சண்டையில் முடியும், வண்டியில் பேசினால் காரியம் முடியும் என்று அக்காவே சொல்லுவாள். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

போன வருஷம் அக்காவுக்கு இடுப்பில் தண்டுவடத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தி, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றதும் முதல் இரண்டு நாள் வழக்கம்போல வண்டியில் போனாள். மூன்றாம் நாள், "நான் பஸ்ஸுல போய்க்கறேன். அதுதான் வசதியா இருக்கு" என்றாள். வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே அத்தான் என் கவுண்டருக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, வண்டி குலுக்குது. அவளால தாங்க முடியல. நல்ல ஷாக்கா நாலு போடணும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. வண்டியை உயர்த்தியவன் ஷாக்கை மாற்றாமல் பழையதையே மாட்டி அனுப்பியிருந்தான். ஷாக் என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு தண்டு போய் வருவதுதான். முழுக்க நீண்டால் ஒரு அளவு, முழுக்க அமுங்கினால் ஒரு அளவு. வண்டி உயரமாகிவிட்டால் பழைய ஷாக் எப்போதும் பாதிக்கு மேல் நீண்ட நிலையிலேயே நிற்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் கீழே தொங்கப் பார்க்கும், ஷாக் அதற்குமேல் நீள முடியாமல் 'டக்' என்று இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு நேராக உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்குத்தான் வரும். எட்டு வருஷமாக எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்பார்.

இப்போது காது கொடுத்துக் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? ஏற்கனவே வீடியோக்களைப் பார்த்து முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். பாலைவனத்தில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் மாட்டுகிற, பக்கத்தில் தனி டப்பா வைத்த ஷாக்தான் வேண்டுமாம்.

"அத்தான், நீங்க பாலைவனத்துக்கா போறீங்க?"

"குவாரிக்குப் போறேன்ல?"

"மாசத்துல எத்தன தடவ?"

"ரெண்டு."

"மிச்ச நாள்?"

"தார் ரோடுதான்."

"பின்னாடி எவ்வளவு பாரம்?"

"டூல்ஸ், டீசல் கேன் எல்லாம் சேத்து நூத்தி எம்பது கிலோ வரும். சாயங்காலம் கேன் காலி."

இதைத்தான் ஒவ்வொருவரிடமும் வாயைக் கிளறி வாங்க வேண்டியிருக்கிறது. வண்டி வருஷத்தில் ஒருநாள் போகிற இடத்தை வைத்து ஷாக் வாங்க வருவார்கள். தினமும் போகிற இடத்தை வைத்து வாங்குங்கள் என்றால் முகம் சுருங்கிவிடும். பந்தய ஷாக் வேகமாகப் பறக்கிற வண்டிக்குச் செய்தது. தார் ரோட்டில் முப்பதில் போனால் ஒவ்வொரு சின்னப் பள்ளத்தையும் எண்ணி எண்ணிச் சொல்லும். வெறும் ஆயில் ஷாக் மெத்தென்று இருக்கும், ஆனால் குவாரி ஏற்றத்தில் சூடாகித் தொய்ந்துவிடும். நடுவில் ஒரு வகை உண்டு. இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தத்தில் கேஸ் நிரப்பியது. தினசரி ஓட்டத்துக்கு அதுதான் தோது. அரை மணி நேரம் பேசி, இரண்டு டீ குடித்து, அத்தான் அதற்கு இறங்கி வந்தார்.

"உயரம் எவ்வளவுன்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? நாலு இஞ்ச்."

என் கவுண்டரில் ஒரு டேப் ஆணியில் தொங்குகிறது. உயர்த்திய வண்டிக்கு ஷாக் கேட்டு யார் வந்தாலும் அதைக் கையில் கொடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து வரச் சொல்வேன். போலீஸ்காரராக இருந்தாலும் விடமாட்டேன். அன்றைக்கு அந்த டேப்பை நான் எடுக்கவில்லை. அக்கா புருஷனிடம் டேப்பை நீட்டினால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். அதுவும் அந்த நாலு இஞ்ச்சை! நாலு என்றே எழுதி ஆர்டர் போட்டேன். தப்பு என்னுடையதுதான், பூசி மெழுக ஒன்றும் இல்லை.

ஷாக் வந்தது, மாட்டினார்கள். முதல் நாள் அத்தான் போன் செய்து, "பஞ்சு மெத்த மாதிரி இருக்கு மாப்ள" என்றார். மூன்றாம் நாள், "கொஞ்சம் செட் ஆகணும் போல" என்றார். அந்த 'போல' எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் பின்பக்க வலது ஷாக்கிலிருந்து ஆயில் ஒழுக ஆரம்பித்தது. புது ஷாக்கில் ஒன்பது நாளில் ஆயில் ஒழுகினால் ஒன்று கம்பெனி தப்பு, இல்லையென்றால் அளவு தப்பு.

வீல் அலைன்மென்ட் பார்க்கிற மாஸ்டரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் அதிகம் பேசாத மனிதர். சக்கரத்தின் நடுவில் டேப்பை வைத்து மேலே இழுத்தார். நான்கு சக்கரத்திலும் அளந்தார். சுவரில் தொங்கிய கம்பெனி அட்டவணையைப் பார்த்தார்.

"ரெண்டரை" என்றார்.

"நாலு" என்றார் அத்தான்.

"ரெண்டரைதான் சார்."

"நான் என் கையால அளந்தேன். தரையிலேர்ந்து கால்படி வரைக்கும்."

மாஸ்டர் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "மிச்சம் ஒன்றரை இதுல இருக்கு. டயர் பெருசாச்சுன்னா வண்டி உயரும். ஆனா ஷாக்குக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். அது மேல ஸ்பிரிங் எவ்வளவு ஏறியிருக்குங்கறத மட்டுந்தான் பாக்கும்."

நாலு இஞ்ச் வண்டிக்கான ஷாக்கை இரண்டரை இஞ்ச் வண்டியில் திணித்திருக்கிறோம். நீளம் அதிகம். பள்ளத்தில் விழும்போது ரப்பர் தடுப்பு தாங்குவதற்கு முன்பே ஷாக் கடைசி வரை அமுங்கி, இரும்பும் இரும்பும் மோதியிருக்கிறது. முன்பு வண்டி இழுத்துப் பிடித்தது, இப்போது சுத்தியலால் அடித்திருக்கிறது. பட்டறையில் இருந்த இரண்டு பேர் தங்களுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள். எட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஒன்றை, நான்கு பேர் பார்க்க ஒருவர் டேப்பை வைத்துக் குறைத்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

"தப்பு என்னுதுதான் அத்தான். நான் அளக்கச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

"நாப்பது நிமிஷம் மாப்ள. ரேடியோ போட்டுப் பாத்தேன். அது பாட்டுக்குப் பாடுது, ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குது. உங்க அக்கா கேட்டுக்கிட்டே வருவா. அந்தக் கட காலியாயிருக்கே ஏன்னு கேப்பா. எனக்கென்ன தெரியும்? ஆனாலும் எதாவது சொல்லுவேன்." டயரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினார். "அவ மறுபடி ஏறணும். அதுக்கு என்ன போடணும்னு சொல்லு. எத்தன இஞ்ச்சுன்னாலும் ஒத்துக்கறேன்."

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மனைவியைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்தத் தடவை எல்லாவற்றையும் அளந்தோம். மாஸ்டர் பழைய ஷாக் இருந்த இடத்தில் ஷாக்கை மாட்டுகிற மேல் ரப்பர் புஷ்ஷிலிருந்து கீழ் புஷ் வரை அளந்தார். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தார், இறக்கி அமுக்கி அளந்தார். நான் எழுதிக்கொண்டேன். அதே வகை ஷாக், இரண்டிலிருந்து மூன்று இஞ்ச்சுக்கானது. மாட்டி முடித்ததும் அத்தான் என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்.

"உன் இடுப்ப உங்க அக்கா இடுப்புன்னு நெனச்சுக்கோ. வலிச்சா சொல்லு."

ஏழு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு தெரு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை மெதுவாக்கி, தாண்டியதும் என் முகத்தைப் பார்த்தார். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல ஓட்டினார். நானும் கண்ணும் கருத்துமாக இடுப்பைக் கவனித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி ஏறியது, இறங்கியது, ஒரே ஒரு தடவை மூச்சு விட்டதுபோல அமர்ந்தது. இந்தத் தொழிலில் எப்போதாவதுதான் அப்படிப் பொருந்தி வரும். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசினார். அக்கா யோசித்து, "சரி, நாளைக்கு வரேன்" என்றாள். திங்கட்கிழமை காலையில் நானும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். போகாமல் இருக்க முடியவில்லை.

வண்டி வாசலில் கழுவித் துடைத்து நின்றது. அத்தான் முன்னதாகவே ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தாள். கைப்பையைச் சீட்டில் வைத்தாள். மேலே இருந்த பிடியை எட்டிப் பிடித்தாள். எட்டுவதற்கே குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. இடது காலைத் தூக்கினாள். அது கால்படியின் உயரம் வரை போய்ப் பாதியில் நின்றது. அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்ததைப் பார்த்தேன். காலை மறுபடி தரையில் வைத்துவிட்டாள்.

"இரு, இரு, நான் வந்து தூக்கி விடறேன்" என்று அத்தான் குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "வேணாங்க." சீட்டிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போய்விட்டாள். அத்தான் நீட்டிய கையோடு நின்றார். நான் அக்காவின் பின்னாலேயே போனேன்.

"ஏன்கா, ஷாக்கெல்லாம் சரி பண்ணியாச்சே. ஒரு தடவ உக்காந்து பாக்கலாம்ல?"

"குலுக்கல் எப்பவுமே எனக்குப் பெருசா தெரியலடா. ஏறத்தான் முடியல. கால தூக்கினா உள்ள நரம்பு சுண்டி இழுக்குது. பஸ்ஸு தரையோட வந்து நிக்குது, நடந்து ஏறிடறேன்."

"இத அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு மாசமா மனுஷன் ஷாக்கு ஷாக்குன்னு உயிர விடறாரு."

அக்கா கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேலைக்குப் போன ரெண்டாம் நாள் சாயங்காலம் கடை வாசல்ல அதுக்குமேல வலி பொறுத்து வண்டியில ஏற முடியாம நின்னேன். இறங்கி வந்து அப்படியே அள்ளித் தூக்கி உள்ள வச்சாரு. வாட்ச்மேன் பாக்கறாரு, கண்ணாடி வாங்க வந்தவங்க பாக்கறாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. எனக்கு நாப்பத்தெட்டு வயசுடா. அந்தக் கடையில எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு." பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு. அதனாலதான் சொல்ல முடியல. அந்த உயரத்து மேல அவருக்கு இருக்கற ஆசையும் எனக்குத் தெரியும்ல?" என்றாள். பஸ் வந்தது. தரையோடுதான் வந்து நின்றது. அவள் யாருடைய உதவியும் இல்லாமல் ஏறிப் போனாள்.

நாங்கள் ஆளாளுக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தோம். ஷாக்குக்கு இரண்டரைதான் கணக்கு. ஏறி உட்கார வேண்டியவளுக்கு அத்தான் தரையிலிருந்து அளந்த அந்த நாலுதான் கணக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் அத்தான் கடைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "இப்ப என்ன ஷாக்கு போடணும் மாப்ள?" என்றார். பெஞ்சில் உட்கார வைத்து, அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். தூக்கி வைத்ததைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மென்று முழுங்கினேன்.

"யாரோ சிரிச்சிருக்காங்க அத்தான். அதுதான் அக்காவுக்கு..."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ இல்ல மாப்ள. நான்தான். தூக்கி வச்சுட்டு, வாட்ச்மேனப் பாத்து, 'ஒரு கேன் ஏத்தியாச்சு'ன்னேன். சிரிச்சேன். அவரு சிரிக்கக்கூட இல்ல."

அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை. தம்பியிடம்கூடப் புருஷனை விட்டுக்கொடுக்காமல், வெறும் சிரிப்புச் சத்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அத்தான் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

"கீழ இன்னொரு படி தொங்கவிடலாம்" என்றேன். "இல்லன்னா ஒரு ஸ்டூல் வச்சுக்கலாம்."

"அவ ஸ்டூல் போட்டு ஏறணுமா?" என்றார். எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை வண்டியைப் பட்டறையில் விட்டார். முன்பக்க வளையத்தையும் பின்பக்கக் கட்டையையும் கழற்றச் சொன்னார். பெரிய டயர்களையும் எடுத்துவிட்டுக் கம்பெனி அளவு டயர் போடச் சொன்னார். அந்த உயரத்துக்கு அந்தப் புது ஷாக்கும் சேராது என்பதால், இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக நான் அவருக்கு ஷாக் எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி உயரம்தான், அளக்கத் தேவையே இல்லை. இருந்தாலும் டேப்பைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் போய் நான்கு சக்கரத்திலும் அளந்து வந்து சொன்னார். பட்டறையில் ஒருவன், "என்ன சார், நாலு இஞ்ச்ச எங்க விட்டுட்டீங்க?" என்று வாயைப் பிடுங்கினான். "வேணாம்னு கழட்டிட்டேன்" என்றார். அதற்குமேல் கிண்டல் செய்ய அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குவாரித் தடத்தில் வண்டி இப்போது ஏறாது. மாதம் இரண்டு தடவை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, டூல்ஸ் பெட்டியை ஒரு கையிலும் டீசல் கேனை இன்னொரு கையிலுமாக ஒன்றேகால் கிலோமீட்டர் மேலே நடக்கிறார். கேனுக்காக மூன்று நடை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குவாரி லாரிக்காரர் ஒருவர் பிரேக் லைனிங் வாங்க வந்தபோது என்னிடம் சொன்னதுதான்.

வண்டியை இறக்கியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் மறுபடி நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. உயரம் குறைந்து, தெருவில் நிற்கிற மற்ற வண்டிகளைப்போலவே இருந்தது. அக்கா வெளியே வந்து பார்த்தாள். இரண்டு நிமிஷம் சும்மா நின்று பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து, பிடியைப் பிடித்து, கால்படியில் காலை வைத்தாள். ஒரு தடவை பல்லைக் கடித்தாள். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நேரமும் அத்தான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. உதவிக்குக் கை தானாக நீண்டுவிடுமோ என்று பயந்து பிடித்திருந்தார்; விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அக்கா கதவைச் சாத்தினாள். பெல்ட்டைப் போட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அவர் அசையவில்லை.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன இப்படி உக்காந்திருக்கீங்க? ஏறிட்டேன், வண்டிய எடுங்க" என்றாள்.